முப்பத்தொன்றாம் எண் படம்

ஓஸ்லோவில் தனியாக இருக்கத் தொடங்கிய இரண்டாவது குளிர்காலத்தில்தான் அந்தப் போட்டிக்குப் படம் வரைந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு கோடையில் மனைவியும் மகளும் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. மகள் ஊரில் படிக்க ஆசைப்பட்டாள். மனைவிக்கு அங்கே நல்ல வேலை கிடைத்தது. எனக்கு வேலை இங்கே இருந்தது. நகரின் தெற்குப் புறத்தில், ஹொல்ம்லியாவில் மூன்று அறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் நான் ஒருவன் மிஞ்சினேன்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். கப்பல்கள் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது வரும் என்று கணக்கிடும் ஒரு நிரலைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அலுவலகத்தில் எல்லாரும் நல்லவர்கள். நாலு மணிக்குக் கணினியை மூடிவிட்டு அவரவர் பிள்ளைகளைக் கூட்டிவரப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வந்து இறங்கினால் திங்கட்கிழமை காலை வரை நான் யாரிடமும் வாய் திறக்காத வாரங்கள் உண்டு. ஞாயிறன்று வீட்டுக்குப் பேசுவேன். அதிலும் பாதி நேரம் "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே போய்விடும். ஒரு திங்கட்கிழமை அலுவலக வாசலில் காலை வணக்கம் சொல்ல வாயைத் திறந்தபோது குரலே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். சளியா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

பறவை பார்க்கும் பழக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. ஹொல்ம்லியாவிலிருந்து காட்டுப் பாதையில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் கடல். குளிர்காலத்தில் அந்த விரிகுடாவில் மனிதர்களைவிட வாத்துகள் அதிகம். பழைய பொருள் கடையில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். பள்ளியில் படிக்கும்போது ஓவியத்தில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. முப்பது வருடம் கழித்து அது கையில் அப்படியே மிச்சமிருந்தது எனக்கே ஆச்சரியம்.

நூலகத்தின் அறிவிப்புப் பலகையில்தான் அந்தத் தாளைப் பார்த்தேன். ஈரநிலங்களையும் கடற்கரைகளையும் காப்பாற்றப் பாடுபடும் ஒரு சிறிய சங்கம் ஆண்டுதோறும் ஒரு அலங்கார வில்லை வெளியிடுகிறது. தபால்தலை மாதிரியே ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும், ஆனால் அஞ்சலுக்குச் செல்லாது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறவர்கள் உண்மையான தபால்தலைக்குப் பக்கத்தில் இதையும் ஒட்டுவார்கள். அந்த வருமானம் பறவைகள் முட்டையிடும் இடங்களைப் பாதுகாக்கப் போகும். அந்த வில்லையில் என்ன படம் வரும் என்பதற்கு ஒரு போட்டி. யார் வேண்டுமானாலும் வரையலாம். அந்த ஆண்டுக்கான பறவை, நார்வேக்காரர்கள் ஆர்ஃபுல் என்று சொல்லும் கடல் வாத்து. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்துக்கொண்டிருந்த அதே வாத்து.

ஆண் வாத்து பார்க்க அழகு. முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு, பிடரியில் வெளிர் பச்சையாக ஒரு கறை. அது கத்துவதைக் கேட்டால் சிரிப்பு வரும். யாரோ யாருக்கோ ஊர்வம்பு சொல்ல, கேட்டவர் "ஆ... ஊ..." என்று வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து வாத்துகள் சேர்ந்து அப்படி வியந்துகொண்டிருக்க, நான் பனி மூடிய பாறையில் பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்து வரைவேன். தண்ணீர் வண்ணம் தாளில் உறைந்துவிடும் என்பதால் அங்கே பென்சில் மட்டும். வண்ணமெல்லாம் வீட்டுச் சமையல் மேசையில். ஒரே ஒரு ஆண் வாத்து, சாம்பல் நிறத் தண்ணீர், பின்னால் ஒன்றுமில்லை. ஆறு தடவை வரைந்து ஐந்தைக் கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் மனைவிக்குக் காட்டினேன்.

"நல்லாருக்கு. ஆனா ஏன் ஒண்ணே ஒண்ணு? பக்கத்துல இன்னொண்ணு போடக்கூடாதா?"

"தபால்தலை அளவுக்குச் சுருக்கினா ரெண்டு இருந்தா தெளிவா தெரியாது."

"சரி, உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள். மகள் எட்டிப் பார்த்து, "சூப்பர்ப்பா," என்றுவிட்டு எங்கோ கிளம்பினாள்.

படத்தை அனுப்பினேன். முன்பக்கம் கையெழுத்துப் போடக்கூடாது. சங்கம் ஒரு எண் கொடுத்தது. என் எண் நாற்பத்து நான்கு.

தேர்வு எல்லார் முன்னிலையிலும் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், நகரில் ஆற்றோரமாக இருந்த ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் கூடத்தில். போனேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள், கம்பளிச் சட்டைகள். ஒருவரையொருவர் பல வருடமாகத் தெரிந்தவர்கள் என்பது அவர்கள் காபியை ஊற்றிக் கொடுத்துக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. நான் பின்வரிசைக்குப் போனேன். அங்கே இரண்டு நாற்காலி தள்ளி, நீல நிற மழைக்கோட்டைக் கழற்றாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். நம் ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் கேட்கத் தயக்கம். அவரே கேட்டார்.

"நீங்கள் தமிழோ?"

"ஆமாங்க."

அந்த 'ங்க'விலேயே அவருக்கு விளங்கிவிட்டது. "ஓ, இந்தியாவோ. நான் யாழ்ப்பாணம். இஞ்சை வந்து கனகாலம். ஸ்டோவ்னரிலை இருக்கிறன்."

"நான் ஹொல்ம்லியா. படம் ஏதாவது அனுப்பியிருக்கீங்களா?"

"இல்லை இல்லை. சும்மா பாக்க வந்தனான். நீங்கள்?"

"நானும் சும்மாதாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தோற்றால் சாட்சி இருக்கக்கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். அவர் தன் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன்.

ஐந்து நடுவர்கள் ஒரு நீள மேசையில் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. ஒரு பெண்மணி படத்தை எடுத்து முதலில் நடுவர்களுக்கு, பிறகு கூட்டத்துக்குக் காட்டுவார். பின்னாலிருந்த திரையில் அதே படம் தபால்தலை அளவில் தெரியும். எண்ணை வாசிப்பார்கள். அட்டைகள் உயரும். மூன்று பச்சை வந்தால் அடுத்த சுற்று. இல்லையென்றால் படம் சுவரோரமாகத் திரும்பி நிற்கும். ஒரு படத்துக்கு அரை நிமிடம்கூட இல்லை. யாரும் கருத்துச் சொல்லமாட்டார்கள். மூன்று மாத உழைப்பு சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும்.

நான் பேச ஆரம்பித்தேன். எத்தனையோ மாதமாக எதிரில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு தமிழில் பேசாதவன். அணை உடைந்த மாதிரி வந்தது. இந்தப் படத்தில் தண்ணீர் சரியில்லை, அந்த வாத்துக்குக் கழுத்து நீளம், இது மே மாதத்து வெளிச்சம், அப்போது இந்த இறகு இருக்காது. அவர் "ஓம்", "அப்பிடியோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் பேச்சு கேட்கத் தகுந்தது என்று ஒருவர் நினைப்பதே எனக்குப் போதையாக இருந்தது.

முப்பத்தொன்றாம் எண் வந்தது. பெண் வாத்து. எல்லாரும் அழகான ஆணை வரைந்திருக்க, இவர் பழுப்பு நிறப் பெண்ணை வரைந்திருந்தார். ஒரு இரும்புக் கம்பத்தின் அடியில், காய்ந்த புல்லில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தட்டையாக உட்கார்ந்திருந்தது. நான் அவர் பக்கம் சாய்ந்து சொன்னேன்:

"பாருங்க, இது போட்டோவ வச்சு வரைஞ்சது. பறவைய நேர்ல பாத்தவங்க வேலை இல்ல. அலகு மேல இறகு மூக்குத் துவாரம் வரைக்கும் வரணும், இதுல பாதியிலயே நின்னுடுச்சு. அதுகூடப் பரவால்ல. உயிரே இல்லையே? கல்லு மாதிரி இருக்கு."

"அப்பிடியோ?" என்றார்.

இரண்டு பச்சை, மூன்று சிவப்பு. படம் சுவரைப் பார்த்துத் திரும்பியது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மழைக்கோட்டின் விளிம்பில் துடைத்தார். நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

நாற்பத்து நான்காம் எண்ணை வாசித்தார்கள். என் வாத்து அவ்வளவு பெரிய கூடத்தில் மிகவும் சின்னதாக இருந்தது. முன்வரிசையில் யாரோ ஏதோ சொன்னார்கள், எனக்குப் பிடிபடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கீறின ஆள் கனநேரம் குளிருக்கை நிண்டிருக்கிறார்," என்றார் மெதுவாக. "அந்தத் தண்ணியைப் பாருங்கோவன். குளிர் தெரியுது."

மூன்று பச்சை. நான் அது என்னுடையது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அடுத்த சுற்றில் நான்கு சிவப்பு விழுந்து என் படமும் சுவரைப் பார்த்துத் திரும்பியபோது, சொல்லாததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் வென்றது அலைமேல் பறக்கும் ஒரு கூட்டம். நல்ல படம்தான். எல்லாரும் கைதட்டினோம்.

பங்கேற்றவர்கள் தங்கள் படங்களை மேசையில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். நீல மழைக்கோட்டுப் பெண் எழுந்தார். "சரி, சந்திப்பம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போகாமல் மேசையை நோக்கிப் போனார். ஒரு சீட்டைக் காட்டினார். அவர் கையில் முப்பத்தொன்றாம் எண் படத்தைக் கொடுத்தார்கள்.

நான் கோட்டுகள் மாட்டியிருந்த மரச்சட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஒளிந்தேன் என்றே சொல்லலாம். அவர் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போகும்வரை அங்கேயே நின்றேன். பிறகு என் படத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் ஹொல்ம்லியாவில் இறங்க மறந்து அடுத்த நிலையத்தில் இறங்கி, ரயில் பாதையை ஒட்டிய சாலையில் திரும்பி நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் சங்கத்திலிருந்து ஒரு சிறு புத்தகம் தபாலில் வந்தது. வந்த படங்கள் எல்லாவற்றையும் சின்னதாக அச்சிட்டு, வரைந்தவர்கள் எழுதித் தந்த இரண்டு வரிக் குறிப்பையும் கீழே போட்டிருந்தார்கள். முதலில் முப்பத்தொன்றைத்தான் தேடினேன். நார்வேஜிய மொழியில் இப்படி இருந்தது: நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கொடிக்கம்பத்தின் அடியில் இந்தப் பறவை அடைகாத்தது. தினமும் மதிய இடைவேளையில் பார்த்தேன். இருபத்தைந்து நாளும் அது ஒன்றும் சாப்பிடவில்லை, அசையவும் இல்லை.

என் அலமாரியிலிருந்த பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். அதிலும் அப்படியேதான் இருந்தது. முட்டையிட்டதும் ஆண்கள் கடலுக்குப் போய்விடும். பெண் தனியாக உட்காரும். நரியும் காகமும் காணாதபடி உடம்பைத் தட்டையாக்கி, கழுத்தை இழுத்து, கல்லைப் போல. ஆள் கிட்டே போனாலும் அசையாது. நான் அந்த வாத்தைக் குளிர்காலத்துத் தண்ணீரில் மட்டுமே பார்த்தவன். அடைகாக்கும் பறவையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவரிடம் போய், பறவையைப் பார்க்காதவர் வரைந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். முகவரி தரமுடியாது, கடிதம் கொடுத்தால் சேர்ப்பிக்கிறோம் என்றார்கள். தமிழில் கடிதம் எழுதி எத்தனையோ வருடம். மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டும் என்னைப் பற்றியே இருந்தன: என் தனிமை, என் பேச்சுப் பசி. மூன்றாவதில் அதையெல்லாம் எடுத்துவிட்டேன். 'நாற்பத்து நான்காம் எண் படம் என்னுடையது. அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன். உங்கள் படத்தைப் பற்றி நான் சொன்னது தவறு. அடைகாக்கும் பறவையை நான் பார்த்ததே இல்லை. மன்னியுங்கள்.' கீழே கைபேசி எண்ணை எழுதினேன்.

ஏப்ரல் முழுவதும் பதில் இல்லை. பதில் வர வேண்டிய அவசியமும் இல்லைதான். ஆனாலும் தெரியாத எண் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்தேன். ஒருமுறை மின்சாரக் கம்பெனி மாறச் சொல்லிப் பேசிய பையனிடம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

மே மாதம் இரண்டாவது வாரத்தில், அலுவலகக் கூட்டத்தின் நடுவே அந்த அழைப்பு வந்தது. வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"நான்தான், முப்பத்தொண்டு," என்றார். "உங்கடை கடிதம் கிடைச்சது. பறவை வரட்டும், பிறகு எடுப்பம் எண்டு இருந்தனான். வந்திட்டுது. அதே இடம். புதன்கிழமை மத்தியானம் வாறியளோ? பன்னிரண்டரைக்கு எனக்கு லஞ்ச். அரை மணித்தியாலம்தான்."

"வர்றேங்க," என்றேன்.

கடலோரமாக இருந்தது அந்த முதியோர் இல்லம். அவர் செவிலியர் சீருடையில் வாசலில் நின்றார். கட்டடத்தைச் சுற்றிப் போனோம். கொடிக்கம்பம் இருந்தது, காய்ந்த புல் இருந்தது. வாத்து எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விரலை நீட்டவில்லை. காத்திருந்தார். ஒரு நிமிடம் கழித்துத்தான் அந்தப் பழுப்பு மேட்டுக்கு ஒரு கண் இருப்பது தெரிந்தது. அந்தக் கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எதுவும் அசையவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டப்பாவைத் திறந்து இடியப்பத்தில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் கொடுத்தார்.

"சொண்டு பிழை எண்டு சொன்னனீங்கள். அது சரிதான்," என்றார், கண்ணால் பறவையின் அலகைக் காட்டி. "வீட்டை போய்ப் பாத்தனான். இறகு இன்னும் முன்னுக்கு வரவேணும்."

"நான் சொன்னது எல்லாமே தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"எல்லாம் இல்லை." சிரித்தார். "அதுசரி, நாப்பத்துநாலு உங்கடை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்படிங்க?"

"அதுவரைக்கும் ஓயாமல் கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். நாப்பத்துநாலு வந்தோடனை வாய் மூடிட்டியள். வேறை என்ன?"

நான் மூடியைக் கீழே வைத்தேன். "அப்ப, குளிர் தெரியுதுன்னு நீங்க சொன்னது... எனக்காகச் சொன்னதா?"

அவர் தலையசைத்து மறுத்தார். "இல்லை. அது படத்துக்குச் சொன்னது. உங்களுக்கு எண்டா வேறை மாதிரிச் சொல்லியிருப்பன். எனக்கு அண்டைக்குச் சரியான கோவம்."

அந்தக் கோபத்தை அவர் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. கோபப்பட்டும் இடியப்பம் கொடுத்திருக்கிறார். மாடி ஜன்னல் ஒன்றில் ஒரு வயதான நார்வேக்காரர் கையசைத்தார். அவரும் தினமும் இந்தப் பறவையைப் பார்க்கிறவராம். பறவை போன பிறகு இரண்டு நாள் சாப்பிடமாட்டார் என்று இவர் சொன்னார்.

அதற்குப் பிறகும் இரண்டு புதன்கிழமைகள் போனேன். அலுவலகத்தில் பல் மருத்துவர் என்று சொல்லிவைத்தேன். அவருடைய கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது என்பதும், ஒரே மகள் தொலைவில் ஸ்தவாங்கர் நகரில் வேலை செய்கிறாள் என்பதும், படம் வரைவதை மகளைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை என்பதும் அந்த அரை மணி நேரங்களில் தெரிந்தது. "எங்கடை சனத்துக்குச் சொன்னால், ஏன் வாத்து, கோயிலுக்கு ஒரு பிள்ளையார் கீறித் தாங்கோவன் எண்டு கேப்பினம்," என்றார். நான் சிரித்தேன். எனக்குச் சொல்வதற்கு அப்படி ஒரு சனமும் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. பெரும்பாலும் பேசாமல்தான் வரைந்தோம். பறவை அசையாததால் அவசரம் இல்லை. முதல் தடவையாக ஒரு பெண் வாத்தை நான் ஒழுங்காக வரைந்தேன். ஒவ்வொரு இறகின் விளிம்பிலும் ஒரு கறுப்புக் கோடு உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் பழுப்பு.

நான்காவது புதன்கிழமை கூடு காலியாக இருந்தது. அன்று காலையில்தான் குஞ்சுகளோடு கடலுக்கு இறங்கியிருக்கிறது. அவர் ஒரு நோயாளியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. கூட்டில் சாம்பல் நிறத் தூவி இறகு ஒரு கைப்பிடி இருந்தது. குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். சில்லிட்டுப் போயிருந்தது.

"இனி நீங்கள் இஞ்சை வரத் தேவையில்லை," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் இருவருமே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

ஆகஸ்டில் அவர் ஸ்தவாங்கருக்குப் போய்விட்டார். மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. போவதற்கு முன் தொலைபேசியில் பேசினார். ஒருமுறை நேரில் பார்க்கலாம் என்று இருவருமே சொன்னோம். பெட்டி கட்டும் வேலையில் அது நடக்கவில்லை. எப்போதாவது குறுஞ்செய்தி வரும். ஒரு கடற்பறவையின் மங்கலான படம், கீழே 'இது என்ன?' என்ற கேள்வி. தெரிந்தால் பெயரை எழுதி அனுப்புவேன். பேரன் பிறந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த போட்டிக்கு ஆட்காட்டிப் பறவை என்று அறிவித்திருக்கிறார்கள். கொண்டை வைத்த ஐரோப்பிய ஆட்காட்டி. முன்பெல்லாம் உழுத நிலத்தில் எங்கும் இருக்குமாம், இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் ரயில் பிடித்து நகரத்துக்கு வெளியே வயல்களுக்குப் போகிறேன். போன சனிக்கிழமை ஒரு வேலியோரம் மூன்று மணி நேரம் நின்றேன். டிராக்டரில் வந்த விவசாயி நிறுத்தி, என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, போன வருடம் ஒரு ஜோடி இருந்தது, இந்த வருடம் இன்னும் காணோம் என்றார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. வெறும் வயலையும் வேலியையும் வரைந்துகொண்டு, பறவைக்கு நடுவில் இடம் விட்டு, நோட்டை மூடினேன்.